டிராயரில் தூங்கும் ஆராய்ச்சிகள்: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் எம்.டி., எம்.எஸ். படிக்கிற பிஜி மாணவர்களின் தீசிஸுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. மாணவர்கள், மருந்துக்கடைக்காரர்கள், சொந்தக்காரர்கள், ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரையைச் சாப்பிடலாம், எதை விடலாம் என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

வெளியீட்டுச் சார்பு, வெளியீட்டுச் சார்பு என்கிறீர்களே, அப்படியென்றால் என்ன?

மருந்து வேலை செய்தது என்று முடிவு வந்தால் அந்த ஆராய்ச்சி ஜர்னலில் அச்சாகிறது. வேலை செய்யவில்லை என்று வந்தால் பல நேரம் யாரோ ஒருவருடைய மேஜை டிராயரிலேயே தங்கிவிடுகிறது. படிக்கிறவர் கண்ணுக்கு அச்சானது மட்டும்தான் தெரியும், அதனால் மருந்து இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1959-லேயே தியோடர் ஸ்டெர்லிங் என்பவர் சில உளவியல் ஜர்னல்களை எடுத்துப் பார்த்தார். புள்ளியியல் சோதனை செய்திருந்த கட்டுரைகளில் 97 சதவீதம் "ஆமாம், வித்தியாசம் இருக்கிறது" என்ற பக்கமே இருந்தன. உலகத்தில் யாருக்கும் அவ்வளவு ராசி கிடையாது. 1979-ல் ராபர்ட் ரோசன்தால் இதற்கு டிராயர் பிரச்சினை என்றே பெயர் வைத்தார், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அச்சானது பொய் இல்லையே சார்? ஒவ்வொரு கட்டுரையும் உண்மை என்றால் மொத்தமும் உண்மைதானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். கல்யாணத் தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்து போட்டோ ஆல்பத்தை விரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கிற ஒவ்வொரு ஜோடியும் நிஜம், ஒவ்வொரு கல்யாணமும் நடந்தது, எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர் முடித்துவைத்து ஆறே மாதத்தில் கோர்ட்டுக்குப் போன ஜோடிகளின் படம் அந்த ஆல்பத்தில் இருக்காது. ஆல்பத்தில் ஒரு பொய்கூட இல்லை, ஆனாலும் அதை வைத்துத் தரகரின் வெற்றி விகிதத்தைக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும்.

கணக்காகவும் சொல்கிறேன். தீசிஸில் எல்லோரும் பி மதிப்பு (மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) 0.05-க்குக் கீழே வந்தால் வெற்றி என்று துள்ளுகிறீர்கள். சுத்தமாகச் சத்தே இல்லாத ஒரு மருந்தை வைத்து 100 டிரயல், அதாவது நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சி, நடத்தினாலும், தற்செயலாகவே சுமார் 5 டிரயல்களில் பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்து நிற்கும், அதில் பாதி மருந்துக்குச் சாதகமாக இருக்கும். அந்த இரண்டு மூன்றை மட்டும் அச்சடித்து மீதி 97-ஐயும் டிராயரில் போட்டால், படிக்கிற டாக்டருக்கு "இரண்டு மூன்று டிரயல், எல்லாமே வெற்றி" என்றுதான் தெரியும். இதில் யாரும் பொய் எழுதவில்லை, யாரும் எண்ணைத் திருத்தவும் இல்லை.

இதெல்லாம் புள்ளியியல்காரர்களின் கவலை. நிஜமாகவே யாராவது செத்திருக்கிறார்களா?

செத்திருக்கிறார்கள். லார்கனைடு என்று ஒரு மருந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகப் போவதை அடக்குவதற்கானது. 1980-ல் இங்கிலாந்தில் மாரடைப்பு சந்தேகத்துடன் வந்த நூறுக்கும் குறைவான நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். மருந்து சாப்பிட்ட பக்கம் 9 பேர் இறந்தார்கள், பிளாசிபோ எனும் வெறும் மாத்திரை சாப்பிட்ட பக்கம் ஒருவர். சின்ன டிரயல் என்பதால் ஆராய்ச்சியாளர்கள் அதைத் தற்செயல் என்று நினைத்தார்கள். அந்த மருந்தையும் வியாபாரக் காரணங்களுக்காகக் கைவிட்டுவிட்டார்கள், அதனால் முடிவை எழுதவும் இல்லை. அது அச்சில் வந்தது 1993-ல். இது வெளியீட்டுச் சார்புக்கு நல்ல உதாரணம் என்று அந்த ஆராய்ச்சியாளர்களே அதில் எழுதினார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான், எத்தனை பேர் அப்படி எழுதுவார்கள்?

அந்த 13 வருடத்தில் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். அதே வகையைச் சேர்ந்த வேறு மருந்துகளை மாரடைப்பு வந்தவர்களுக்கு டாக்டர்கள் நல்ல எண்ணத்தோடு எழுதிக்கொண்டிருந்தார்கள், துடிப்பு ஒழுங்கானால் உயிர் பிழைக்கும் என்ற தர்க்கத்தில். பிறகு அமெரிக்காவில் காஸ்ட் என்ற பெரிய டிரயல் நடத்தி, என்கனைடு, ஃபிளெகனைடு இரண்டையும் 1989-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். சுமார் 1,500 நோயாளிகள். மருந்துப் பக்கம் 63 சாவு, வெறும் மாத்திரைப் பக்கம் 26. லார்கனைடு முடிவு 1980-களின் ஆரம்பத்திலேயே அச்சில் இருந்திருந்தால் அதைப் படித்துச் சில பேராவது கையை நிறுத்தியிருப்பார்கள். ஃபிளெகனைடு இன்றும் வேறு வகை நோயாளிகளுக்குப் பயன்படுகிறது, அதனால் வீட்டில் யாராவது அதைச் சாப்பிட்டால் பயந்து தூக்கி எறிய வேண்டாம்.

மனச்சோர்வு மாத்திரைகளைப் பற்றி ஏதோ சொன்னீர்களே?

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த ஆராய்ச்சியே அதுதான். எரிக் டர்னர் முன்பு எஃப்.டி.ஏ.வில், அதாவது அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கொடுக்கும் அமைப்பில் வேலை பார்த்தவர். அனுமதி கேட்டு வரும் கம்பெனி அங்கே தன் டிரயல்களைப் பதிவு செய்து, நல்லது கெட்டது எல்லாவற்றையும் காட்ட வேண்டும். ஆகவே ஒரு பக்கம் எஃப்.டி.ஏ. கோப்பு, இன்னொரு பக்கம் ஜர்னல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது காணாமல் போனது என்று தெரிந்துவிடும் அல்லவா? அதைத்தான் டர்னர் குழு செய்தது, 2008-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது.

மருந்து 12, டிரயல் 74, நோயாளிகள் 12,564 பேர். எஃப்.டி.ஏ. பார்வையில் அதில் 38 டிரயல்கள் வெற்றி. அதில் 37 அச்சில் வந்துவிட்டன. மீதி 36 டிரயல்கள் தோல்வி அல்லது சந்தேகம். அந்த 36-ல் 22 அச்சிலேயே வரவில்லை. 11 அச்சில் வந்தன, ஆனால் வெற்றி மாதிரி எழுதப்பட்டு. உள்ளபடி வந்தவை வெறும் 3. எஃப்.டி.ஏ. கோப்பில் பாதிக்குப் பாதி, 51 சதவீதம்தான் வெற்றி. ஜர்னலை மட்டும் படிக்கிற டாக்டருக்கு 94 சதவீதம் வெற்றி. மருந்தின் பலன் ஜர்னல்களில் சராசரியாக 32 சதவீதம் ஊதிக் காட்டப்பட்டிருந்தது.

அந்த 11-ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 22 டிரயல்கள் வரவேயில்லை என்றால் அது மௌனம். 11 வந்த விதம்தான் எனக்கு உறுத்துகிறது. முதலில் "இதை அளப்போம்" என்று சொன்ன அளவுகோலில் பலன் வரவில்லை என்றதும், வேறு ஏதாவது ஒன்றில் பலன் தெரிகிறதா என்று தேடி அதைத் தலைப்பில் ஏற்றிவிடுவது. படிக்கிறவருக்கு முதல் அளவுகோல் என்னவென்றே தெரியாதே! 2022-ல் புதிய மருந்துகளை வைத்து டர்னர் மறுபடி பார்த்தபோது நிலைமை தேறியிருந்தது, ஆனால் தோல்வியடைந்த டிரயல்களில் பாதிக்கும் குறைவானவையே உள்ளபடி வந்திருந்தன.

அப்ப அந்த மாத்திரையெல்லாம் ஏமாற்று வேலையா? நிறுத்திவிடலாமா?

இல்லை. நிறுத்தாதீர்கள். டர்னர் ஆராய்ச்சியிலேயே, மறைந்தவற்றையும் சேர்த்த பிறகும் அந்த மருந்துகள் வெறும் மாத்திரையைவிட மேல்தான், பலனின் அளவுதான் குறைந்தது. 2018-ல் லான்செட் ஜர்னலில் வந்த பெரிய தொகுப்பு, 21 மருந்துகள், 522 டிரயல்கள், அச்சில் வராதவற்றையும் தேடிப் பிடித்துச் சேர்த்தது, அதிலும் எல்லா மருந்தும் வெறும் மாத்திரையைவிட மேல் என்றுதான் வந்தது. இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும். உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

டாமிஃப்ளூ கதையும் இதுதானா?

இதுதான், கொஞ்சம் பெரிய அளவில். 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது நம் ஊரிலும் ஓசெல்டமிவிர், அதாவது டாமிஃப்ளூ மாத்திரை என்றால் எவ்வளவு பரபரப்பு என்று ஞாபகம் இருக்கும். அந்த வருடம் ஜப்பானியக் குழந்தை மருத்துவர் கெய்ஜி ஹயாஷி ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார். இந்த மருந்து நிமோனியா போன்ற சிக்கல்களைக் குறைக்கும் என்று காக்ரேன் என்ற, மருத்துவ ஆராய்ச்சிகளைச் சேர்த்து அலசும் அமைப்பின் தொகுப்பு சொன்னது. அதற்கு ஆதாரம் ஒரே ஒரு கட்டுரை, அந்தக் கட்டுரை பத்து டிரயல்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டது, பத்தில் இரண்டுதான் ஜர்னலில் வந்திருந்தன. மீதி எட்டு எங்கே?

அவ்வளவுதான் கேள்வி. பதில் கிடைக்க மருந்துக் கம்பெனியோடு வருடக்கணக்கில் கடிதப் போர் நடந்தது. முழு அறிக்கைகள் கைக்கு வந்து, அவற்றைப் படித்து, 2014-ல் காக்ரேன் குழு புதிய தொகுப்பை வெளியிட்டது. பெரியவர்களுக்குக் காய்ச்சல் அறிகுறிகள் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகின்றன. ஆஸ்பத்திரியில் சேரும் நிலை குறைகிறது என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. குமட்டலும் வாந்தியும் கூடுகின்றன. அதற்குள் பிரிட்டன் அரசு மட்டும் டாமிஃப்ளூவுக்கு 42 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்திருந்தது. இந்த முடிவை ஏற்காத நிபுணர்களும் உண்டு, ஆஸ்பத்திரியில் கிடக்கும் கடுமையான நோயாளிகளுக்கு வேறு கணக்கு என்பது அவர்கள் வாதம். சரி, வாதாடட்டும். தரவு வெளியே இருந்தால்தானே வாதாடவே முடியும்.

எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் சதி, அப்படித்தானே அண்ணா?

கம்பெனிகளைத் திட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவது எளிது. அவர்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு, மேலே சொன்னவற்றில் பாதி அவர்கள் கதைதான். ஆனால் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். பணத்தில் நடந்த டிரயல்களை 2012-ல் எடுத்துப் பார்த்தபோது, முடிந்து இரண்டரை வருடத்துக்குள் ஜர்னலில் வந்தவை பாதிக்கும் குறைவு. நான்கு வருடம் தாண்டியும் மூன்றில் ஒரு பங்கு வரவில்லை. இதில் யாருக்கு என்ன லாபம்? 2014-ல் சமூக அறிவியல் ஆராய்ச்சிகளை வைத்து சயின்ஸ் இதழில் ஒரு கணக்கு வந்தது. பலன் தெரியாத ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவற்றை ஜர்னல் திருப்பி அனுப்பவில்லை, ஆராய்ச்சியாளர்களே எழுதவில்லை. "ஒன்றும் வரவில்லை, இதை யார் போடுவார்கள்" என்று அவர்களே முடிவு செய்து மூடிவைத்துவிட்டார்கள்.

நம் ஊருக்கு வருவோம். சேலம் மாதிரி ஓர் ஊரில் மருந்துக் கம்பெனியின் தலைமையகமா இருக்கிறது? இங்கே இருக்கிற பெரிய டிராயர் தீசிஸ் அலமாரிதான். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பிஜி மாணவரும் கட்டாயம் ஓர் ஆராய்ச்சி செய்கிறார். அறுவை சிகிச்சைக்கு முன்னால் இந்த ஊசியா அந்த ஊசியா, சர்க்கரைப் புண்ணுக்கு இந்தக் கட்டா அந்தக் கட்டா, மயக்க மருந்தில் எது வலியைக் குறைக்கும், இப்படி நம் நோயாளிகளிடம், நம் ஆஸ்பத்திரிகளில், கைச்செலவில் செய்த வேலை. ஓமலூரிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். வித்தியாசம் வந்தால் அது கட்டுரையாகிறது. வராவிட்டால் கருப்பு பைண்டிங்கில் தங்க எழுத்தோடு லைப்ரரிக்குப் போய்விடுகிறது. பக்கத்து மாவட்டத்தில் இன்னொரு மாணவர் இரண்டு வருடம் கழித்து அதே கேள்வியை அதே மாதிரி மறுபடி ஆரம்பிக்கிறார், அவருக்குத் தெரிய வழியே இல்லை. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய வீண். கம்பெனியைத் திருத்த நம்மால் முடியாது, இதை நாளைக்கே திருத்தலாம்.

வித்தியாசம் இல்லை என்ற முடிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாருக்குப் பயன்?

சேலம், ஈரோடு பக்கத்துப் பெரியவர்களுக்குப் பெருந்துறை சானடோரியம் என்றால் தெரியும். காசநோய் வந்தால் வீட்டைவிட்டு சானடோரியத்தில் மாதக்கணக்கில் இருக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. 1950-களில் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆராய்ச்சி மையத்தில் ஒரு டிரயல் நடந்தது. ஒரு பகுதி நோயாளிகளுக்கு சானடோரியம், இன்னொரு பகுதிக்கு அவரவர் வீட்டிலேயே, ஓட்டு வீடோ குடிசையோ, மாத்திரை. முடிவு 1959-ல் வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை! வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டில் உள்ளவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த முடிவு ஒரு பெரிய காரணம். "வித்தியாசம் இல்லை, இதை யார் போடுவார்கள்" என்று அன்றைக்கு யாராவது நினைத்திருந்தால்?

அண்மைக் கதை வேண்டுமா, கொரோனாவில் பிளாஸ்மா. குணமானவர் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா எடுத்து நோயாளிக்கு ஏற்றினால் பிழைப்பார் என்று நம்பி, வாட்ஸ்அப் முழுக்க "ஓ பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம்" என்று போன் நம்பர்கள் சுற்றிய காலம். மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க 39 ஆஸ்பத்திரிகளில் 464 நோயாளிகளிடம் பிளாசிட் என்ற டிரயலை நடத்தியது. சாவும் குறையவில்லை, நோய் கடுமையாவதும் குறையவில்லை. அதை மூடிவைக்காமல் 2020 அக்டோபரிலேயே பி.எம்.ஜே. ஜர்னலில் வெளியிட்டார்கள். அப்படியும் 2021 மே மாதம்தான் தேசிய வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மாவை எடுத்தார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.

மறைப்பது மட்டும்தானா, வேறு தில்லுமுல்லும் உண்டா?

உண்டு, ஒரே டிரயலை இரண்டு மூன்று முறை அச்சடிப்பது. குழந்தை வாந்தி எடுத்தால் கொடுக்கிற ஆண்டன்செட்ரான் சிரப் எந்த வீட்டு ஃபிரிட்ஜிலும் இருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வாந்திக்கு அந்த மருந்தைச் சோதித்த டிரயல்களை 1997-ல் ஒரு குழு தோண்டியது. அச்சானவற்றில் 17 சதவீதம் ஏற்கெனவே வந்ததன் மறுபதிப்பு, ஆசிரியர் பெயர் வரிசையை மாற்றி, குறிப்பு எதுவும் கொடுக்காமல். மறுபடி மறுபடி வந்தவை எவை? மருந்துக்கு அதிகச் சாதகமாக இருந்தவை. எல்லாவற்றையும் வெள்ளந்தியாகக் கூட்டினால் பலன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. அப்புறம், நல்ல முடிவு சீக்கிரம் வரும், கெட்ட முடிவு ஆற அமர வரும். மற்றவர்களும் நல்லதையே மேற்கோள் காட்டுவார்கள்.

வராத ஒன்றை வரவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாயமா?

கொஞ்சம் துப்பறியும் வேலைதான். ஒரு மருந்தைப் பற்றிய எல்லா டிரயல்களையும் ஒரு படத்தில் புள்ளியாக வையுங்கள். பெரிய டிரயல்கள் மேலே, சின்னவை கீழே, பலன் எவ்வளவு என்பது இடமிருந்து வலம். பெரியவை உண்மையான பலனுக்கு அருகில் நிற்கும். சின்னவை தற்செயலால் இரண்டு பக்கமும் சிதறும், ஆகவே மொத்தத்தில் கவிழ்த்த புனல் மாதிரி வர வேண்டும், அதன் பெயரே புனல் படம்தான். கீழே ஒரு பக்க மூலை மட்டும் காலியாக இருந்தால், பலன் தெரியாத சின்ன டிரயல்கள் எங்கோ தூங்குகின்றன என்று சந்தேகப்படலாம். மாரடைப்புக்கு மக்னீசியம் ஊசி என்று ஒரு காலத்தில் சின்னச் சின்ன டிரயல்கள் பிரமாதப்படுத்தின (மக்னீசியம் தாதுவான மேக்னசைட்டுக்குப் பேர்போனது நம் ஊர், அதனால் எனக்கு இந்தக் கதை மேல் தனிப் பாசம்). 1995-ல் 58,050 பேரை வைத்து நடந்த ஐசிஸ்-4 டிரயலில் பலன் ஒன்றும் தெரியவில்லை. பழைய சின்ன டிரயல்களின் புனல் ஒரு பக்கம் காலியாகத்தான் இருந்தது.

ஆனால் புனல் சந்தேகத்தைத்தான் காட்டும், சாட்சி இல்லை. புள்ளிகள் பத்துக்கும் குறைவாக இருந்தால் அதை வரையவே வேண்டாம், உங்கள் தீசிஸில் ஐந்து டிரயலுக்குப் புனல் போட்டுக்கொண்டு வந்தால் நான் கிழித்துவிடுவேன்.

இதற்கு வைத்தியம் என்ன?

ஆரம்பிக்கும் முன்பே பதிவு. எந்த மருந்து, எத்தனை பேர், எதை அளப்போம் என்று முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதிவைத்துவிட்டால், பிறகு காணாமல் போனாலும் தெரியும், அளவுகோலை மாற்றினாலும் தெரியும். அமெரிக்காவில் பொதுப் பதிவேடு 2000-ல் வந்தது. பெரிய ஜர்னல்களின் ஆசிரியர் குழு 2004-ல் "பதிவு செய்யாத டிரயலைப் போட மாட்டோம்" என்று அறிவித்து, 2005-லிருந்து அமலாக்கியது. இந்தியாவின் பதிவேடு சி.டி.ஆர்.ஐ., ஐ.சி.எம்.ஆர். நடத்துகிறது, 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூனிலிருந்து மருந்து டிரயல்களுக்குக் கட்டாயம். 2018 ஏப்ரலிலிருந்து டிரயலை ஆரம்பித்துவிட்டுப் பின்தேதி போட்டுப் பதிவு செய்ய முடியாது. பதிவும் இலவசம், தேடுவதும் இலவசம்.

பதிவால் என்ன மாறிவிட்டது என்றால், அமெரிக்காவின் இதய நோய் ஆராய்ச்சி நிறுவனம் பணம் கொடுத்த பெரிய டிரயல்களை 2015-ல் ஒரு குழு பார்த்தது. 2000-க்கு முன் வந்த 30-ல் 17 வெற்றி. அதற்குப் பின் 25-ல் 2. முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்ற விதி வந்ததுதான் முக்கியக் காரணம் என்று அந்தக் குழு சந்தேகிக்கிறது. மருந்துகள் ஒரே ராத்திரியில் மட்டமாகிவிடவில்லை, கணக்கு நேர்மையாகிவிட்டது.

ஆனால் பதிவு செய்துவிட்டு முடிவைப் போடாமல் விடுகிறவர்களும் ஏராளம். விதி இருக்கிறது, பிடிக்க ஆள் இல்லை.

ஏற்காட்டு மூலிகைகளைப் பற்றிப் பேப்பரில் "ஆராய்ச்சியில் நிரூபணம்" என்று வருகிறதே, அதையும் சந்தேகப்பட வேண்டுமா?

காபித் தோட்ட நண்பர் கேட்டது. சேர்வராயன் மலைச் செடிகளைப் பற்றி வருகிற கட்டுரைகளில் பெரும்பாலானவை சாறு எடுத்துச் சோதனைக் குழாயிலோ எலியிலோ பார்த்தவை. விலங்கு ஆராய்ச்சியில் டிராயர் இன்னும் ஆழம், ஏனென்றால் அங்கே பதிவு செய்யச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. பக்கவாதத்துக்கு விலங்குகளில் செய்த சோதனைகள் பற்றி 525 கட்டுரைகளை 2010-ல் அலசினார்கள். பலன் இல்லை என்று சொன்னவை 10. வெறும் 2 சதவீதம். எலிகளுக்கு இருக்கும் ராசி மனிதர்களுக்கு இருந்திருந்தால் இன்று பக்கவாத வார்டே இருக்காது.

மூலிகையில் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. சித்த மருந்துக்கும் மனிதர்களிடம் டிரயல் நடத்தலாம், நடத்துகிறார்கள், சி.டி.ஆர்.ஐ.யில் ஆயுஷ் டிரயல்களும் பதிவாகின்றன. நிலவேம்போ வேறெதுவோ, தேடிப் பார்த்து எத்தனை பதிவாகியிருக்கிறது, எத்தனைக்கு முடிவு வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அலோபதி மருந்துக்கும் இதே கேள்விதான், இதில் கட்சி பேதம் கிடையாது.

சார், என் தீசிஸில் பி மதிப்பு 0.34 வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் அழாதீர்கள். அடுத்ததாக, "வேறு எதையாவது ஒப்பிட்டுப் பாருங்களேன் சார், ஆண்களை மட்டும், ஐம்பது வயதுக்கு மேல் மட்டும்" என்று என்னிடம் வராதீர்கள், அதைத்தான் மேலே அந்த 11 டிரயல்களைப் பற்றிச் சொன்னேன். நான் செய்து தர மாட்டேன்.

30 பேருக்கு 30 பேர் என்று வைத்த டிரயலில் 0.34 வந்தால் "மருந்து பயனில்லை" என்று அர்த்தம் இல்லை, "இவ்வளவு பேரை வைத்துச் சொல்ல முடியவில்லை" என்று அர்த்தம். அதனால் பி மதிப்பை மட்டும் எழுதாமல், வித்தியாசம் எவ்வளவு, அதன் நம்பக இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பு) எங்கிருந்து எங்கே என்று எழுதுங்கள். அந்த இரண்டு எண்கள் இருந்தால் நாளைக்கு யாராவது ஏழெட்டுச் சின்ன டிரயல்களைக் கூட்டும்போது உங்களுடையதும் சேரும். இல்லாவிட்டால் அந்த அறுபது பேர் கொடுத்த ஒப்புதலுக்கு அர்த்தமே இல்லை. மனிதர்களிடம் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான உலக அறநெறியான ஹெல்சின்கி பிரகடனமும், எதிர்மறையாகவோ தெளிவில்லாமலோ வந்த முடிவையும் வெளியிட வேண்டும் என்றுதான் சொல்கிறது, எத்திக்ஸ் கமிட்டிக்கு நீங்கள் கொடுத்த தாளில் அந்தப் பிரகடனத்தைப் பின்பற்றுவேன் என்று நீங்களே எழுதியிருப்பீர்கள், பெரும்பாலும் காப்பி பேஸ்ட்டாக.

எங்கே போடுவது? எதிர்மறை முடிவுகளுக்கு என்றே ஒரு ஜர்னல் 2002-லிருந்து 2017 வரை இருந்தது, இப்போது மற்ற ஜர்னல்களே போடுகின்றன என்று சொல்லி மூடிவிட்டார்கள். பிளாஸ் ஒன் போன்றவை முடிவைப் பார்க்காமல் முறை சரியா என்று மட்டும் பார்க்கின்றன, ஆனால் அங்கே கட்டணம் லட்சத்தைத் தாண்டும். கையில் காசு இல்லையென்றால் மெட்ஆர்கைவ் என்ற முன்பதிப்புத் தளம் 2019-லிருந்து இருக்கிறது, இலவசம், தேடினால் கிடைக்கும், பிறகு ஜர்னலுக்கும் அனுப்பலாம். பணம் கட்டினால் மூன்று நாளில் அச்சு என்று மெயில் அனுப்புகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்பதால் அந்தக் கடைகள் நன்றாக ஓடுகின்றன, அங்கே போட்ட நல்ல ஆராய்ச்சியையும் யாரும் நம்ப மாட்டார்கள். எதுவும் முடியவில்லையா, சி.டி.ஆர்.ஐ.யில் உங்கள் பதிவுக்குள் போய் முடிவின் சுருக்கத்தையாவது ஏற்றுங்கள், ஒரு சாயங்கால வேலை.

மெடிக்கல் ரெப் பளபளப்பான பேப்பரில் டிரயல் முடிவைக் காட்டுகிறார். என்ன கேட்பது?

மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பருக்கும் இளம் டாக்டர்களுக்கும் ஒரே பதில்தான். "இந்த மருந்துக்கு மொத்தம் எத்தனை டிரயல் பதிவாகியிருக்கிறது, இது எத்தனையாவது?" அவருக்குத் தெரியாது, பாவம், அவர் மேல் கோபப்படாதீர்கள். பேப்பரில் பதிவு எண் இருந்தால் அதைப் போட்டுப் பதிவேட்டில் முதலில் என்ன அளப்பதாகச் சொன்னார்கள் என்று பாருங்கள். பேப்பரில் பெரிய எழுத்தில் இருப்பதும் அதுவும் ஒன்றுதானா?

எங்க அப்பாவை ஒரு ஆஸ்பத்திரியில் டிரயலில் சேர்த்திருக்கிறார்கள். முடிவை நாங்கள் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். ஒப்புதல் படிவத்தின் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. ஆராய்ச்சி செய்கிற டாக்டரின் பெயரும், எத்திக்ஸ் கமிட்டியைத் தொடர்புகொள்ளும் விவரமும் அதில் இருக்கும். சி.டி.ஆர்.ஐ. எண்ணையும் கேளுங்கள், சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி வருடம், மாதம், அப்புறம் ஓர் எண் என்று வரும். அதை எழுதி அப்பாவின் ஃபைலில் ஒட்டிவைத்துவிட்டு, டிரயல் முடிந்த பிறகு வருடத்துக்கு ஒரு முறை போட்டுப் பாருங்கள். ரொம்ப நாள் ஆகியும் முடிவு வரவில்லை என்றால் எத்திக்ஸ் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், அதற்குக் காசு வாங்க மாட்டேன்.